வலது கால்

பின்சக்கரத்தின் டயர் ரிம்மை விட்டுப் பிதுங்கி நின்றது. ஷாமினி தன் ரிமோட் காரை மேசைமேல் கவிழ்த்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தச் சக்கரத்தைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். அரையிறுதியின் கடைசி வளைவில் ரப்பர் உரிந்துகொண்டதில் கார் தள்ளாடித் தள்ளாடித்தான் எல்லையைத் தொட்டிருந்தது. இறுதிப் பந்தயம் தொடங்குவதற்குள் ஒட்டி, காயவைத்து, மாட்டியாக வேண்டும். கிள்ளானை அடுத்த மேரு ஊரில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த அந்தத் திடலில் இறுதிச் சுற்றுவரை வந்த ஒரே பெண் அவள்தான். அவள் ஓட்டுவாள், டயர் ஒட்டுவது எப்போதும் அப்பா சபாபதியின் வேலை.

கிள்ளானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர் அவர். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, டயரின் விளிம்பை ரிம்மின் பள்ளத்துக்குள் விரலால் அமுக்கி உட்காரவைத்தார். சூப்பர் குளூ போத்தலின் மூக்கு அடைத்திருந்தது. அழுத்தினார், வரவில்லை. பலமாக அழுத்தியதும் மூடி தெறித்து, காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த அவருடைய வலது காலுறைமேல் பசை கொட்டியது.

"ச்சே, வேஸ்ட்டா போச்சு" என்றபடி, மிச்சமிருந்ததை விளிம்பு நெடுக ஓடவிட்டார்.

காலுறையிலிருந்து புகை கிளம்பியது. பருத்தித் துணியில் பட்டால் அந்தப் பசை கொதிக்கும். ஒருமுறை கையுறையில் ஒரு சொட்டு விழுந்ததற்கே ஷாமினி அலறியிருக்கிறாள். இப்போது புகை அவள் கண்ணை எரித்தது. அப்பாவோ டயர் நகராமலிருக்க அதைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! காலு!"

"என்ன?"

குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவர் காலில் ஊற்றினாள். பசை பிடித்த இடத்தை விட்டுவிட்டுக் காலுறையின் மிச்சத்தைக் கத்தரித்து எடுத்தாள். புறங்காலில் தோல் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அவர் குனிந்து பார்த்தார்.

"சுடலையா?"

"சுட்டுச்சு. லேசா."

"பொய் சொல்லாதீங்கப்பா."

அவர் சக்கரத்தைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். "கொஞ்ச நாளா மரத்த மாதிரி இருக்கு. சக்கரை கூடிப்போயி இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு வர்றதுதான்."

"அப்போ பிரேக்கு?"

"குனிஞ்சு கண்ணால பாத்துக்குவேன் லா. ஓட்டிப் பழகுன காலு."

போன வாரம் காப்பார் சாலையில் வேன் குலுங்கி நின்றது அவளுக்கு நினைவு வந்தது. பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்கள் முன்சீட்டுவரை உருண்டு வந்தன. குறுக்கே மோட்டார் சைக்கிள்காரன் வந்துவிட்டான் என்று அப்பா திட்டினார். பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்படி ஒருவனை அவள் பார்க்கவில்லை. அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"வாங்க, கிளினிக் போலாம். நாளைக்கு வேன் எடுக்காதீங்க."

"எடுக்காம? பிள்ளைங்க ரோட்டுல நிப்பாங்க. நீ போயி ரேஸைப் பாரு. அம்மாகிட்ட வாயத் தொறக்காத."

பந்தயம் நடத்துகிற ஜீவன் ஓடிவந்தான். "அக்கா, எல்லாரும் ரெடி. டயர் ஓகேவா?"

"ஓகே லா, வரா" என்று சபாபதி பதில் சொல்லி, சக்கரத்தை அவளிடம் நீட்டினார். ஜீவன் திரும்பி ஓடினான்.

ஷாமினி வாங்கவில்லை. சிமெண்டுத் தரையில் குந்தி, இடது கையை விரித்து அவருடைய வலது பாதத்துக்கு அடியில் வைத்தாள்.

"பிரேக் மாதிரி மெதுவா அழுத்துங்க."

"பைத்தியமா உனக்கு?"

"அழுத்துங்கப்பா. கீழ பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

அவர் பார்த்தார். அவள் விரல் முட்டிகள் சிமெண்டில் நெரிந்தன. மோதிரம் பக்கத்து விரலுக்குள் இறங்கியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது.

"அழுத்திட்டீங்களா?"

"இப்பத்தானே வெக்கிறேன்."

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, சபாபதி இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.