உறுமுகிற மாருதி

"கிளிப்பைத் திருப்புமே! லெஃப்டுல திருப்பு!"

காரின் பின்சீட்டுக்குக் கீழே, போர்வைக்குள் முடங்கிக் கிடந்தபடி ஜெரி கத்தினான்.

"கத்தாதய்யா. லாரிக்காரன் பாக்குறான்" என்றாள் அவன் மனைவி ஜானட், திறந்த பானெட்டுக்குப் பின்னாலிருந்து.

மணி பத்து ஐந்து. பத்தரைக்குள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடாவிட்டால் ஜாமீன் ரத்து. கண்டெய்னர் யார்டு ஸ்டிரைக் வழக்கு. இருபத்தோரு நாள் தவறாமல் போட்டாகிவிட்டது. ஆனால் ஸ்டிரைக்கை முன்னால் நின்று நடத்தியவன் வெளியே நடமாடுவது யார்டு காண்ட்ராக்டருக்குப் பிடிக்கவில்லை. பைக்கில் போன இரண்டு தடவையும் ஏதோ ஒரு வண்டி பின்னாலேயே வந்து உரசப் பார்த்தது. அதனால்தான் இந்தத் தொண்ணூற்றாறாம் வருஷ மாருதி. அதனால்தான் போர்வை.

இப்போது மாருதி எண்ணூர் சாலையில், லாரி வரிசைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே செருகிக்கொண்டு நின்றது. கதவு நாலு விரல் அகலம் திறந்தால் அதிகம். ஓட்டுபவள் மட்டும் எப்படியோ நெளிந்து இறங்கியிருந்தாள்.

ஐந்து நிமிஷம் முன்பு ஒரு போன். "சிலுவையம்மாக்கா. வஞ்சிரம் வேணுமான்னு கேக்குது" என்றாள் ஜானட். அடுத்த பத்தடியில் வண்டி நின்றுவிட்டது.

கோளாறு இஞ்சினுக்குக் காற்றை வடிகட்டும் புது ஏர் ஃபில்டரில்தான் என்று ஜெரிக்குத் தோன்றியது. நேற்று அவன் சிநேகிதன் அன்பரசன் புதுப்பேட்டை பார்ட்ஸ் கடையிலிருந்து வாங்கி வந்து மாட்டிவிட்டது. சிவப்பு நிறம், கூம்பு வடிவம். "பழைய டப்பாவுல இஞ்சின் மூச்சு வுட முடியாம கெடக்கு மாமு. இத்தப் போடு, புலி மாதிரி ஓடும்." ஓடியது. புலி மாதிரி உறுமவும் செய்தது. பழைய டப்பா டிக்கிக்குப் போனது.

"கழட்டிட்டேன். அடுத்து?"

"கார்ப்பரேட்டர் வாயில துணிய அடை. நட்டு உள்ள வுழுந்தா இஞ்சின் காலி. ஃபில்டர நல்லா ஊதிட்டு மறுபடி மாட்டு."

டிக்கி திறக்கும் சத்தம்.

"அங்க இன்னாமே பண்ற?"

"ஸ்பேனர்."

"ஸ்பேனரு முன்சீட்டுலதானே கீது!"

போர்வைக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. பத்து பதினாலு.

"அன்பரசனுக்கு போன் போடு. பறந்து வருவான்."

"சார்ஜ் இல்ல."

"இப்பத்தானே மீன்காரம்மாகிட்ட பேசின?"

"அதுலதான் தீந்துபோச்சு."

போன மாதம் காண்ட்ராக்டரின் ஆள் வீடு தேடி வந்தபோது கதவைத் திறந்தவள் ஜானட். பத்து நிமிஷம் வாசலிலேயே பேசினாள். என்ன பேசினாள் என்று இவன் கேட்கவே இல்லை. இப்போது அது ஞாபகத்துக்கு வந்தது. ஜெரி எழ முயன்றான். கதவு சுவரில் இடித்தது. அந்தப் பக்கக் கதவைத் தள்ளினான். லாரி டயர்.

"ஜானட்டு! துணிய எடுத்தியா இல்லியா?"

"எடுத்தாச்சு. படு."

பானெட் அறைந்து மூடியது. சாவி திரும்பியது. ஒரே தடவையில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஆனால் உறுமல் இல்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி அதே பழைய சத்தம்.

"பழைய டப்பாவயா போட்ட? புதுசு எங்க?"

"லாரிக்கு அடியில. வாய மூடிகினு படுய்யா, உன் கால்ல வேணாலும் வுழறேன்."

வண்டி நகர்ந்தது. ஒரு வளைவு. எங்கோ மிக அருகில் ஒரு கனத்த லாரி நின்ற இடத்திலேயே இஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தது. மாருதி அதைத் தாண்டியது. இரண்டு நிமிஷத்தில் பிரேக்.

"எறங்கு. ஸ்டேஷன். பத்து இருபத்தாறு."

ஜெரி போர்வையை உதறி எழுந்தான். ஜானட் கிரீஸ் கைகளை அதே போர்வையில் துடைத்தாள்.

"வளைவுல நின்ன லாரி நமக்காகத்தான்யா. அதுக்குப் பக்கத்துலதான் சிலுவையம்மாக்கா மீன் கூடைய வச்சுகினு குந்தும். அவன் டிரைவராண்ட பேசினத காதால கேட்டுட்டு போன் போட்டுச்சு. நான்தான் வண்டிய ஆஃப் பண்ணேன். 'வரிசைல குட்டி கார் கண்ணுக்குத் தெரியாது. உறுமல் கேட்டதும் குறுக்க ஏத்து'ன்னு சொல்லிகினு இருந்தானாம்."

"எவன்? என்கிட்ட அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ மொதல்ல அவனுக்குத்தான் போன் போடுவ."

ஜெரி புரியாமல் பார்த்தான்.

"அன்பரசன்யா."