நூற்றுப் பதினேழு டேப்பும் என் அக்காவும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கணினியில் இணையப் பக்கங்களை மூடாமல் மக்கள் ஏன் இத்தனை டேப்களைத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை தருவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஆய்வு செய்திருப்பதாகவும் அளந்தேன். நான் செய்த ஆய்வெல்லாம் என் அக்காவின் மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்ததுதான்.

முதல் வரி: 'நவீன மனித மனம் ஒரு திறந்த...' (அடித்துவிட்டேன். இரண்டு காப்பி குடித்தும் திறந்த என்ன என்று தெரியவில்லை.)

இரண்டாவது: 'அக்காவின் கணினி மூச்சுத் திணறிய ஞாயிற்றுக்கிழமை காலையில்...' இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

2

அக்கா ஒரு பொறியாளர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வீட்டு வரைபடம் போடுகிறாள். கோடு அவளுடையது, கையெழுத்து அவருடையது.

"ஒரு ஃபைல் திறக்க அஞ்சு நிமிஷம் ஆகுதுடி, என்னன்னு பாரேன்" என்று கூப்பிட்டாள். போனேன். நூற்றுப் பதினேழு டேப்.

(இதற்குத் தமிழில் 'தாவல்' என்று பெயர். அக்காவினுடையவை எங்கேயும் தாவவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன.)

ஒவ்வொன்றாகக் கேட்டு மூட ஆரம்பித்தேன்.

"முட்டிவலிக்கு ஏழு பயிற்சி?"

"இருக்கட்டும்."

"செஞ்சிருக்கியா?"

"செய்யணும்."

"பெரியவங்களுக்கு நீச்சல் வகுப்பு. இது போன கோடை."

"இந்த வருஷமும் கோடை வரும்ல?"

"கவனச் சிதறலைக் குறைப்பது எப்படி. இதுவே மூணு டேப்ல இருக்கு."

"மூணும் வேற வேற கட்டுரை."

சமையலறையிலிருந்து அத்தான், "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் நாலு வருஷம் இப்படித்தான் திறந்தே வெச்சிருந்தா" என்றார்.

(நீங்களும் சிரிக்கலாம். உங்கள் திரையின் மேல் ஓரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு.)

3

எண்பத்தோராவது டேப்பில் ஒரு விண்ணப்பம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற கட்டடக்கலைப் பட்டம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, 'நான் வரைந்த வீட்டில் என் பெயர் இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. கடைசித் தேதி போய் ஐந்து மாதம்.

"தேதி முடிஞ்சு போச்சேக்கா."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இது?"

"மூடிட்டா, அனுப்பலைன்னு ஆயிடும். திறந்திருந்தா, இன்னும் அனுப்பலை. அவ்வளவுதான்."

நான் சிரித்துக்கொண்டே அதை மூடினேன். (முதல் வரைவில் 'விரல் தவறிவிட்டது' என்று எழுதியிருந்தேன். தவறவில்லை.)

அக்கா கத்தவில்லை. திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ பாதியில விட்ட நாவல் எத்தனைடி?"

"ஆறு."

"அதுல ஒண்ணையாவது நான் வந்து கிழிச்சுப் போட்டேனா?"

மீதி முப்பத்தாறையும் தொடாமல் எழுந்துவிட்டேன்.

4

மறுநாள் அக்காவே கல்லூரிக்குப் போன் செய்தாள். பழைய படிவம் செல்லாது, புதிய சேர்க்கை தொடங்கிவிட்டது, முதலிலிருந்து நிரப்ப வேண்டும் என்றார்கள். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து நிரப்பினாள். அனுபவச் சான்றிதழ் கேட்டுப் பொறியாளரிடம் போனாள்.

"படிச்சிட்டு வந்து என் நாற்காலியில உக்காரப் போறீங்களா?" என்று கேட்டாராம்.

"இல்ல சார். நான் வேற வாங்கிக்குவேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

5

முடிவு ஒன்று: அனுப்பிவிட்டாள். (மகளிர் சிறப்பிதழுக்கு ஆகும்.)

முடிவு இரண்டு: இன்னும் அனுப்பவில்லை. (இலக்கியப் பத்திரிகைக்கு ஆகும்.)

இதுவரை எழுதியதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"ரெண்டையும் எடுத்துடு" என்றாள்.

"கடைசியில என்ன ஆச்சுன்னு படிக்கிறவங்க கேப்பாங்களே."

"கேக்கட்டும். கதைதான் உன்னுது, விண்ணப்பம் என்னுது. நான் பாத்துக்கிறேன். போனை வை."

வைத்துவிட்டேன். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய்.