எல்லையில் நட்ட சென்சார்

அண்ணி தர்பூசணி போடப்போவதாகச் சொன்ன அன்று, அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அது சாதாரண விஷயமில்லை. அண்ணன் தட்டில் கைவைத்துவிட்டால், வீடு பற்றிக்கொண்டாலும் “கொஞ்சம் தள்ளி எரியச் சொல்லு” என்பவர்.

“தண்ணியை போன் பாத்துக்குமாம். மண்ணு காஞ்சா அதுவே குழாயைத் திறந்துவிடுமாம். பழத்தை கம்பெனிக்காரங்களே வயலுக்கு வந்து எடுத்துக்குவாங்களாம்,” என்றார் அண்ணி.

“அப்ப எனக்கு என்ன வேலை?”

“இப்ப மட்டும் உங்களுக்கு என்ன வேலை?”

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“சரி. ஒரே ஒரு போகம்,” என்றார் அண்ணன். “கருகிப்போச்சுன்னா போனைத் தூக்கி மூலையில வச்சிட்டு, நான் சொல்றதைத்தான் நடணும்.”

“பழுத்துச்சுன்னா?”

“அதை அப்ப பாப்போம்.”

“அப்பல்லாம் இல்லை. பழுத்துச்சுன்னா இனிமே எல்லா போகமும் நான் சொல்றதுதான். தம்பி, நீங்க சாட்சி.”

தலையாட்டினேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட எனக்கு அங்கே சாட்சி உத்தியோகம் ஒன்றுதான் நிரந்தரம்.

கம்பெனிக்காரர் ஒருவர் வந்து சொட்டுநீர்க் குழாய்களைப் போட்டார். மோட்டார் அறையில் பெட்டி ஒன்றை மாட்டினார். வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“எதுக்குங்க அது?” என்றேன்.

“விவசாயிங்க கை சும்மா இருக்காது சார். கையால திறந்தா கணக்கு கெட்டுப்போயிடும். இனிமே மண்ணு கேட்டாத்தான் தண்ணி.”

மண்ணின் வாய் மாதிரி ஒரு கம்பியையும் கொண்டுவந்திருந்தார். முழ நீளம், தலையில் வெள்ளைத் தொப்பி. அதற்குப் பெயர் சென்சார். ஈரம் எவ்வளவு என்று அது பெட்டிக்குச் சொல்லும், பெட்டி போனுக்குச் சொல்லும். போன் அண்ணிக்குச் சொல்லும். அண்ணி அண்ணனுக்குச் சொல்ல மாட்டார்.

“இதை எங்க நடட்டும்?” என்று கேட்டார். அண்ணி அப்போது மோட்டார் அறையில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் எங்கள் குடும்பத்துக்கு ஏதோ ஒரு கேடு வருகிறது என்று அர்த்தம்.

எங்கள் வயலுக்கும் பங்காளி வயலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. பங்காளி என்றால் எங்கள் சித்தப்பா மகன். அந்தத் துண்டில் ஓர் எருமை படுத்தால் வாலை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஆனால் மண் பொன். ஒருமுறை அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் போட்டால் இரண்டு அளவு பெரிதாகியிருந்தது. அந்தத் துண்டு யாருடையது என்பதில்தான் அண்ணனுக்கும் பங்காளிக்கும் பேச்சுவார்த்தை நின்றது. இப்போதைக்கு அனுபவிப்பது பங்காளி. மாட்டுக்குத் தீவனப்புல் போட்டு, வாய்க்கால் தண்ணீரை இரவும் பகலும் திறந்துவிட்டிருந்தான்.

அண்ணன் கை நீட்டிக் காட்டியது அந்தத் துண்டை.

“இது புல்லால்ல இருக்கு?” என்றார் கம்பெனிக்காரர்.

“புல்லு அவனுது. மண்ணு நம்மளுது.”

அவருக்கு இன்னும் நாலு வயலுக்குப் போகவேண்டியிருந்தது. குத்திவிட்டுத் தன் போனில் இடத்தைக் குறித்தார். அதில் வரைபடத்தின்மேல் பச்சைப் புள்ளி ஒன்று விழுந்ததும் கிளம்பிவிட்டார். “பாத்தியாடா! வானத்துல இருந்து பாத்தே ஒத்துக்கிட்டாங்க,” என்றார் அண்ணன். மரக்குச்சியை எல்லைக்கு அடித்தால் பங்காளி பிடுங்கி அடுப்பு எரிப்பான்; கம்பெனிக் கம்பியில் கைவைக்க மாட்டான் என்பது அவர் யோசனை.

முதலில் நல்ல மழை. கொடி படர்ந்து, பூத்து, பிஞ்சும் பிடித்தது. அதற்குப்பிறகு வெயில் தொடங்கியது. எப்படிப்பட்ட வெயில் என்றால், முட்டையை உடைத்து வெளியே வந்த கோழிக்குஞ்சு ஒன்று, ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டு, திரும்ப ஓட்டுக்குள் போய் மூடிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

இலைகள் சுருண்டன. வால்வு திறக்கவில்லை. போனில் சிரிக்கிற இலை ஒன்றின் படம் வந்து, “உங்கள் மண் ஈரமாக உள்ளது” என்றது. அண்ணி கம்பெனிக்கு போன் போட்டார்.

“உங்க மண்ணு ரொம்ப அருமையா இருக்கு மேடம்,” என்றது ஒரு பெண் குரல்.

“மண்ணு நல்லா இருக்கட்டும்மா. செடி சாகுதே.”

“கிராஃப்ல சாகலையே மேடம்.”

அண்ணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, அந்தக் கம்பி எங்க இருக்கு?”

முகவாயால் காட்டினேன்.

அண்ணி கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கிப் போய்ப் புல்லை விலக்கினார். வெள்ளைத் தொப்பியின்மேல் ஒரு தவளை, வாடகை வாங்க வந்த வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. அண்ணி அண்ணனைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கம்பியைப் பிடுங்கினார். உடனே போன் அலறியது: “கருவியைக் காணவில்லை. பாதுகாப்புக்காக வால்வு பூட்டப்படுகிறது.” திரும்பக் குத்தினார்.

பிறகு பக்கெட் எடுத்தார். என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார். கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றினோம். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வரிசை காய்ந்துவிட்டது. அண்ணி பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, போனில் இருந்த ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி உள்ளே போனார்.

“கருவியை இடம் மாற்ற” என்று ஒன்று இருந்தது. அது ஒரே ஒரு கேள்வி கேட்டது: “முன்பு நட்ட இடம் உங்கள் நிலத்துக்கு வெளியே உள்ளதா?”

அண்ணி ‘இல்லை’ என்பதை அழுத்திப் பார்த்தார். ஆள் வந்து பரிசோதிப்பார், வரிசையில் காத்திருக்கவும் என்றது. வரிசையின் நீளத்தைப் பார்த்தால், அவர் வருவதற்குள் எங்கள் தர்பூசணி கள்ளிச்செடியாக மனம் மாறிவிடும். அண்ணி போனில் முந்தைய பக்கத்துக்குப் போய், திரும்பவும் அதே கேள்வியில் நின்றார்.

இதற்குள் அண்ணன் வந்துவிட்டார். அந்தப் பக்கம் புல் அறுத்துக்கொண்டிருந்த பங்காளியும் அரிவாளோடு வரப்பில் ஏறி நின்றான்.

“என்ன அண்ணி, கம்பி காய நான் தண்ணியை நிறுத்தணுமா? நிறுத்திடலாம். அண்ணனை ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க.”

“இவன்கிட்டயா? என் மண்ணுல நின்னுக்கிட்டு என்னையே கேக்கச் சொல்றான் பாரு,” என்றார் அண்ணன், என்னைப் பார்த்து. நான் அவசரமாக ஒரு பிஞ்சைப் பார்த்தேன். எலுமிச்சை அளவில், சோர்ந்துபோய், அதுவும் என்னைப் பார்த்தது.

அண்ணி போனை அண்ணனிடம் நீட்டினார். “படிச்சுப் பாருங்க. ‘ஆம்’னு அழுத்தினா நாமளே மாத்திக்கலாம்.”

அண்ணன் படித்தார். முகம் தர்பூசணியின் உள்பக்கம் போல ஆனது.

“வெளியன்னா? வெளியன்னு நம்ம வாயாலயே எழுதிக் குடுக்கிறதா? எங்கப்பாவும் நானும் இத்தனை வருஷமா...”

“செடி மதியம் தாங்காது.”

“அழுத்தினேன்னு வை, நான் வீட்டுப் படி ஏறமாட்டேன்.”

“படி அங்கயேதான் இருக்கும். செடி இருக்காது.”

அண்ணி போனைத் திரும்ப வாங்கி ‘ஆம்’ என்பதை அழுத்தினார். சத்தம்கூட வரவில்லை. இவ்வளவு பெரிய சண்டை இவ்வளவு சின்ன விரலசைவில் முடியும் என்று தெரிந்திருந்தால், வக்கீல்கள் எல்லாம் எப்போதோ தர்பூசணி போடப் போயிருப்பார்கள்.

பங்காளிக்கு வாயெல்லாம் பல். “அண்ணி, அண்ணி, அதை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க.”

“அனுப்புறேன். முதல்ல அந்தக் கம்பியைப் பிடுங்கி எடுத்துட்டு வா. தொப்பியைப் புடிச்சு இழுக்காத, அடியில புடி.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். ஆனால் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். அண்ணி அதை வாங்கி, செடி மிகவும் வாடியிருந்த வரிசையில் குத்தி, குதிகாலால் மண்ணை அழுத்தி, புதிய இடத்தை போனில் குறித்தார். சிரித்த இலை மறைந்து அழுகிற இலை வந்தது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. நாலு பேரும் மூச்சைப் பிடித்து நின்றதில், பக்கத்து ஊர்வரை காற்று நின்றுபோனதாகப் பிறகு சொன்னார்கள்.

மோட்டார் அறையில் “டக்” என்றது. குழாய்கள் பாம்பு போலச் சீறி, நெளிந்து, நிமிர்ந்தன. ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு சொட்டு, அப்புறம் இன்னொன்று.

அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுப் பக்கம் இல்லை, ரோட்டுப் பக்கம். ஐந்தாறு அடி போயிருப்பார். குழாய் இணைப்பு ஒன்று வெயிலில் விரிந்து, தண்ணீர் சும்மா பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. கடந்து போனார். நின்றார். திரும்பி வந்து குனிந்து, கட்டைவிரலால் அதை அடைத்துப் பிடித்தார்.

அண்ணி இடுப்பில் செருகியிருந்த பழைய சைக்கிள் டியூப் ரப்பரோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இறுக்கிப் புடிங்க. நான் கட்டுறேன்.”

அண்ணன் முகத்தைத் திருப்பவில்லை. இறுக்கிப் பிடித்தார்.

“அடுத்த வரிசையிலயும் ஒண்ணு ஒழுகுது அண்ணே,” என்றான் பங்காளி, வரப்பிலிருந்து.

“தெரியுது, தெரியுது. நீ உன் புல்லைப் பாரு,” என்றார் அண்ணன்.