கட்டைவிரல் அகலம்

வேறு எந்தத் தொழிற்சாலையிலும் சரக்கு கிழிந்தால் திட்டு விழும். பெரியவள் வேலை பார்த்த இடத்தில் கிழியாவிட்டால்தான் திட்டு. படகு என்ஜின் அதிராமல் இருக்க அதன் அடியில் வைக்கும் ரப்பர் திண்டுகள் அங்கே தயாராயின. மேலும் கீழும் இரும்புத் தகடு, நடுவில் ரப்பர். சோதனைக்காரர் வாரத்துக்கு ஒரு நாள் சில திண்டுகளை இயந்திரத்தில் மாட்டி இழுப்பார். ரப்பர் நடுவிலே கிழிந்து, தகட்டின் மேல் கறுப்புக் கறுப்பாகப் பிய்ந்து நின்றால் ஒட்டு உறுதி. ரப்பரை உதறிவிட்டுத் தகடு பளிச்சென்று வெளியே வந்தால் வம்பு.

அன்று வம்புதான் வந்தது.

பெரியவளுக்குப் பூச்சு வேலை. பிசுக்குப் போகக் கழுவி, இரும்புத் துகளைப் பீய்ச்சி அடித்துச் சொரசொரப்பாக்கிய தகடுகள் அவளிடம் வரும். மெல்லிய துணிக் கையுறை போட்டுக்கொண்டு முதலில் ப்ரைமர், அது காய்ந்ததும் பசை என்று இரண்டு பூச்சு பூசி அனுப்புவாள். அங்கிருந்து தகடுகள் பிரஸ்ஸுக்குப் போகும். சூட்டிலும் அழுத்தத்திலும் ரப்பர் வெந்து, பசையோடு சேர்ந்து இரும்பைப் பற்றிக்கொள்ளும். பிரஸ்ஸில் நின்றவள் சின்னவள், பெரியவளின் ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவரையும் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு ஒரே வீடு, ஒரே சமையலறை, வேலைக்கு வர ஒரே பஸ். பேச்சு மட்டும் கிடையாது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். விருந்தாளிகள் முன்னால் “எங்க சின்னவளுக்கு உப்புக் கணக்கு இன்னும் பிடிபடல” என்று பெரியவள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். அவ்வளவுதான். அதிலிருந்து இருவரும் சுவரோடு பேசினார்கள்.

“யாரோ பாலை அடுப்புல வெச்சுட்டுப் போயிட்டாங்க, பொங்குது” என்று பெரியவள் ஜன்னலிடம் சொல்வாள்.

“பாக்கறவங்க அணைச்சா கை தேஞ்சிடுமாக்கும்” என்று சின்னவள் அலமாரிக்குப் பதில் சொல்வாள்.

அண்ணனும் தம்பியும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட சின்னவள் போன வாரம் ஒரு காரியம் செய்தாள். கழுவும் திரவத்திலும் பசையிலும் புழங்கிப் புழங்கிப் பெரியவளின் விரல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. காலையில் கிளம்பும்போது அவள் பையின் மேல் ஒரு க்ரீம் டப்பா இருந்தது.

“வெடிப்புக்கு நல்லதாம், கடையில சொன்னாங்க” என்று சின்னவள் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

பெரியவள் கடவுளுக்கு மனதார நன்றி சொன்னாள். சின்னவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அன்றிலிருந்து வேலைக்கு உட்காரும் முன் க்ரீமைத் தடவிக்கொண்டாள். மேலேதான் கையுறை இருக்கிறதே என்று அதைப் பற்றி வேறெதுவும் யோசிக்கவில்லை.

இப்போது சோதனை மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. மேற்பார்வையாளருக்குக் குரலை வைத்து ‘இடி’ என்று பெயர். அன்று பெயருக்கேற்றபடி முழங்கினார்.

“ஏன் ஒட்டல? கேட்டா பூச்சு பிரஸ்ஸைக் காட்டுது, பிரஸ் பூச்சைக் காட்டுது! நான் என்ன பஞ்சாயத்து பண்ணவா வந்திருக்கேன்?”

சோதனைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கேயோ சிலிகான் பட்டிருக்கு சார். அது பட்ட இடத்துல பசை பிடிக்காது.”

சிலிகான் என்றதும் எல்லார் கண்ணும் சின்னவள் மேல் போயிற்று. வெந்த ரப்பர் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வர அவள்தான் சிலிகான் ஸ்ப்ரே அடிப்பாள். அளவுக்கு மீறி அடித்து ஏற்கெனவே ஒரு தடவை திட்டு வாங்கியவள். வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

“இந்தத் தடவை பாத்துப் பாத்துத்தான் சார் அடிச்சேன். தகடு வெக்கறதுக்கு முன்னாடியே அடிச்சு, நல்லாத் துடைச்சுட்டேன்.” சின்னவள் முன்னால் வந்து சொன்னாள்.

“அப்ப தகடு பொய் சொல்லுதா? சாயங்காலத்துக்குள்ள வேற காரணம் கிடைக்கலன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா. நானும் மேல பதில் சொல்லணும்ல?”

கூட்டம் கலைந்தது. பெரியவள் மட்டும் ஒரு தகட்டைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் நீள்வட்டமாக வெறும் இரும்பு பளபளத்தது. அங்கே தொடங்கித்தான் ரப்பர் உரிந்திருந்தது. அடுத்த தகட்டிலும் ஓரத்தில் அதே நீள்வட்டம். பூசுவதற்காகத் தகட்டைப் பிடிப்பது போல அவள் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் அந்த நீள்வட்டத்தில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

க்ரீம் டப்பா நினைவுக்கு வந்தது. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் சின்னவளுக்கு வேலை போகும். திறந்தால் சின்னவள் ஸ்ப்ரேயிலிருந்து தப்பி க்ரீமில் மாட்டுவாள். போதாததற்கு, தன் மேலுள்ள பகையில் வேண்டுமென்றே கொடுத்தாள் என்றுகூட யாராவது கதை கட்டுவார்கள். ஆசையாகக் கொடுத்த பொருள். நல்லது செய்யப் போன இடத்தில் கெட்டது நடந்துவிட்டால், நினைத்த நல்லது பொய்யாகிவிடுமா என்ன?

‘கடவுளே, என் வாயைத் திறந்து விடு. ரொம்பத் திறந்துடாதே’ என்று வேண்டிக்கொண்டு டப்பாவுடன் எழுந்தாள்.

“சார், அது ஸ்ப்ரே இல்ல. என் கை.” சோதனைக்காரரின் மேசையில் தகட்டை வைத்துக் கட்டைவிரலைப் பொருத்திக் காட்டினாள். “கை வெடிப்புக்கு இதைத் தடவிக்கறேன். கையுறையைத் தாண்டி வரும்னு தோணல.”

அவர் டப்பாவின் பொடி எழுத்தைப் படித்தார். “சிலிகான் கலந்ததுதாம்மா. துணிக் கையுறையில ஊறி வெளிய வந்திருக்கு. அந்த அடையாளம் விரல் மாதிரியே இருக்கேன்னு எனக்கும் உறுத்திட்டே இருந்தது. மத்தியானம் எல்லார் கையையும் மோந்து பாக்கலாம்னு இருந்தேன். நல்லவேளை, என் மூக்கைக் காப்பாத்திட்டீங்க.”

“ஏற்கெனவே படகுக்குப் போன திண்டுல இது…?” என்று பெரியவள் இழுத்தாள்.

“போன வாரத்துலேர்ந்து செஞ்ச சரக்கு ஒண்ணுகூட வாசலைத் தாண்டல. நிம்மதியா இருங்க.”

பெரியவள் பக்கத்திலிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அதற்குள் இடி வந்துவிட்டார். பின்னாலேயே சின்னவளும்.

“எங்க வாங்கினது இந்தக் கண்றாவி?”

“கடையில சார்.”

“எந்தக் கடையில?”

“கடை… கடைதான் சார்.”

“நான் வாங்கிக் குடுத்தேன் சார்” என்றாள் சின்னவள். “அக்கா கை வெடிச்சு ரத்தம் கசிஞ்சுட்டிருந்துச்சு. பாக்க மனசு கேக்கல.”

“உன்னை யாருடி கேட்டா? டப்பாவைத் திறந்தது நான்தானே!”

“குடுத்தது நான்தானேக்கா!”

இடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தக் கூரைக்குக் கீழ எல்லாரும் நான் இல்ல நான் இல்லன்னுதான் சத்தியம் பண்ணுவாங்க. நீங்க ரெண்டு பேரும் தப்பைப் பங்கு போட்டுக்கச் சண்டை போடறீங்களே!” அவர் குரல் தாழ்ந்திருந்தது. “எதுக்கும் பூசி, அழுத்தி, இழுத்துப் பாத்துடுவோம். அதுக்கப்புறம் பேசிக்கலாம்.”

பெரியவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். துணிக் கையுறையை மட்டும் நம்பியது தங்கள் தப்பும்தான் என்று சொல்லி, சோதனைக்காரர் ஊறாத புதுக் கையுறை எடுத்துத் தந்தார். அவள் பூசிய தகடுகளை வைத்துச் சின்னவள், வழக்கம்போல ஸ்ப்ரே அடித்த அச்சில் திண்டுகளை எடுத்தாள். வேண்டுமென்றே க்ரீம் தொட்ட தகட்டிலும் ஒன்று செய்தார்கள்.

மறுநாள் காலை, நன்றாக ஆறிய திண்டுகளைச் சோதனைக்காரர் இயந்திரத்தில் மாட்டினார். முதல் திண்டு நீண்டது, இன்னும் நீண்டது. சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பர்ரென்று ரப்பர் நடுவிலே கிழிந்தது. இரண்டு தகட்டிலும் கறுப்பு அப்பிக்கொண்டு நின்றது. அடுத்ததும் கிழிந்தது. க்ரீம் தொட்டது மட்டும் விரல் பட்ட இடத்திலிருந்து உரிந்து வந்தது.

“கிழிஞ்சிடுச்சுடி! கிழிஞ்சிடுச்சு!” பெரியவள் சின்னவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணைத் திறந்த சின்னவள் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றாள்.

“போம்மா, போய் பிரஸ்ஸைப் போடு. இதைச் சாக்கு வெச்சு யாரும் லீவு கேக்காதீங்க” என்று முழங்கிவிட்டு இடி நகர்ந்தார்.

அன்று வீட்டில் பெரியவள் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தாள். சின்னவள் குழாயை மூடினாள்.

“நகருங்கக்கா. அந்தக் கை ஆறுற வரைக்கும் பாத்திரம் என் வேலை.”

“நாளெல்லாம் சூட்டுல நின்னவ நீ. கால் வலிக்கும்டி.”

“நான் என்ன காலாலயா கழுவப் போறேன்?”

பெரியவளுக்குச் சிரிப்புப் பீறிட்டது. சின்னவளுக்கும் தொற்றிக்கொண்டது. சமையலறையிலிருந்து வந்த சத்தம் என்னவென்று புரியாமல் அண்ணனும் தம்பியும் பதறி ஓடி வந்தார்கள்.

“என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல, போய் உக்காருங்க” என்று இருவரும் ஒரே குரலில் விரட்டினார்கள்.