முனீஸ்வரியின் இடது கால்

“கிளட்ச்ச மிதி! முழுசா மிதிடி!”

முனீஸ்வரி மிதித்தாள். பழக்கதோஷத்தில் மிதித்தது பிரேக்கை. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, தேனி ரோட்டின் நட்டநடுவில் செத்தது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டே ஒதுங்கிப் போனது.

பக்கத்து சீட்டில் அவள் புருஷன் பாண்டியராஜன் சரிந்து கிடந்தான். படப்பில் வைக்கோல் உருவப்போன கையில் நல்ல பாம்பு கொத்தியிருந்தது. ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆளில்லை. வீட்டில் நின்றது இந்தப் புது கியர் வண்டி ஒன்றுதான். அதை ஓட்டத் தெரிந்தவனுக்கோ கண்ணிமை பாதிக்கு மேல் திறக்கவில்லை.

அவளுக்கும் கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸே இருக்கிறது. ஆனால் பழகியது அண்ணன் அருண்பாண்டியின் ஆட்டோமேட்டிக் காரில், வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி. அதில் இரண்டே பெடல். “இடது காலுக்கு சோலியே இல்ல, மடக்கித் தூங்க வச்சிரு” என்றுதான் அண்ணன் சொல்லிக்கொடுத்தான். தூங்கிய கால் இப்போது எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

“ஆட்டோமேட்டிக் வாங்குவோம்னு அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேன்ல மாமா! கியர் போடாம ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டான்னு நக்கலடிச்சீகளே!”

“அது வர... வருஷமாகும்னு ஷோரூம்ல சொல்லிட்டான். இப்ப அதுவா பேச்சு? சாவியத் திருகு. கிளட்ச்ச மிதிச்சு ஒன்னாங் கியரு. கால மெதுவா எடு... முட்டை மேல வச்ச காலு மாதிரி.”

வண்டி நகர்ந்தது.

“ரெண்டு போடு. ரெண்டுலயே போ. எங்கயும் நிப்பாட்டாத. நின்னா நான் செத்தேன்.”

இரண்டாம் கியரில் எஞ்சின் கதறியது. நாகமலைப் புதுக்கோட்டை வருவதற்குள் அவன் நாக்கு தடிக்க ஆரம்பித்துவிட்டது. ‘ரெண்டு’ என்பது ‘லெண்டு’ ஆனது.

“பேசிக்கிட்டே வாங்க மாமா! என்னையத் திட்டுங்க, பரவால்ல!”

“கழு... கழுத...” என்று முயன்றான். பிறகு அதுவும் நின்றது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

மதுரை காளவாசல் சிக்னலில் சிவப்பு. முன்னால் டவுன் பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தாள். எஞ்சின் செத்தது.

பச்சை விழுந்தது. பஸ் போய்விட்டது. சாவியைத் திருகினாள், கார் முன்னால் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. மறுபடி திருகினாள். மறுபடி துள்ளல். பின்னால் ஹாரன்கள். கேட்டுச் செய்ய வழியில்லை; சொல்லித்தந்த வாய் பக்கத்து சீட்டில் எச்சில் வடிய மூடிக்கிடந்தது.

“ஏக்கா, தவக்கள மாதிரி தாவிக்கிட்டுக் கெடக்க? வீட்ல படிச்சுட்டு ரோட்டுக்கு வரக்கூடாதா?” ஒரு ஆட்டோக்காரன் பக்கத்தில் வந்து நக்கலாகக் கேட்டான்.

“பாம்பு கடிச்சிருச்சுண்ணே! இந்தக் கியரு எனக்குத் தெரியாதுண்ணே!”

அவன் முகம் மாறியது. உள்ளே எட்டிப் பார்த்தான். “ஒன் இடது காலு எங்கக்கா இருக்கு?”

குனிந்து பார்த்தாள். மறுபடியும் சீட்டுக்கு அடியில் மடங்கித் தூங்கிக்கொண்டிருந்தது. முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி கிளட்ச்சின் மேல் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினாள். முதல் கியர். முட்டை உடையாமல் காலை எடுத்தாள்.

“எம்பின்னாடியே வா! நிக்காம வா!” ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டே வழி பிளந்தது.

பெரியாஸ்பத்திரி வாசலில் கார் மறுபடி செத்தது. இந்தத் தடவை அவள் கவலைப்படவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது, ஊசி ஏறியது. சில மணி நேரத்தில் அவன் கண் திறந்தது. இளம் டாக்டரம்மா அவன் மார்பில் காதுக்குழாயை வைத்துப் பார்த்து நிமிர்ந்தாள்.

“நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க. பிழைச்சுக்குவாரு.”

முனீஸ்வரி கட்டிலோரச் சுவரில் சாய்ந்து அழுதாள். அவன் விரல் சேலைத் தலைப்பைக் கொக்கி போட்டு இழுத்தது. இன்னமும் கியர் சொல்கிறானோ என்று வாயருகே காதை வைத்தாள்.

“முனி... ஆட்டோமேட்டிக்கு... அன்னைக்கே இருந்துச்சு. ஷோரூம்ல.”

“என்ன மாமா சொல்றீக?”

“வருஷமாகும்னு... நாந்தான் பொய் சொன்னேன். நீ ஒங்கண்ணன் வீட்டுக்கே... ஒரேயடியா ஓட்டிட்டுப் போயிருவியோன்னு... ஒனக்கு ஓட்ட வராத வண்டியாப் பாத்து... வாங்குனேன்.”