உரச்சாக்கு அடைத்த சன்னல்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களில் மார்கழிக் குளிர் ஆளைச் சும்மா விடாது. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக் கூடாதென்று, புவனேந்திரன் தன் ஒற்றை அறைக் காம்பராவின் ஒரே சன்னலில் உரச்சாக்கைத் திணித்திருந்தான். கட்டிலடியில் கரிச்சட்டி நிறையத் தணல். கல்யாணமாகி ஆறு வருசம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. பிறந்து பதினோரு நாள்தான் ஆகிறது. பொத்திப் பொத்தி வைக்காமல் என்ன செய்வான், பாவம்?

முந்தின நாள் வந்த மருத்துவமாது சாக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சட்டியை வெளியே வை, உள்ளே வைத்தால் மூச்சை அடைக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். நன்றாகத் தலையாட்டினான். அவள் படியிறங்கியதும் சாக்கு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. புகையே இல்லையே, வெறும் தணல்தானே என்பது அவன் நியாயம்.

விடிந்ததும் மனைவி யசோதினி, தலை பிளக்கிறது, கொஞ்சம் சன்னலைத் திறங்க என்றாள். குளிர் ஏறிவிட்டது என்று நினைத்தான் அந்தப் புத்திசாலி. நெற்றியில் தைலம் தேய்த்தான். சட்டியில் இன்னும் இரண்டு கை கரியை அள்ளிப் போட்டான். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாச்சென்று வேலைக்கு ஓடினான்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ரெங்கம்மா போட்ட சத்தம் மலை வரைக்கும் கேட்டது. தாயையும் பிள்ளையையும் தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். யசோதினி மறுநாள் கண் திறந்தாள். குழந்தை திறக்கவே இல்லை.

தணலிலிருந்து மணமே இல்லாத நஞ்சு வந்திருக்கிறது என்று டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். லயத்திலோ காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று பேச்சு. அவன் இல்லை என்று சொல்லவில்லை. பால் கட்டிய மார்போடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த யசோதினியிடமும் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்குள் ஒளிந்துகொண்டான்.

மாசியில் ரெங்கம்மாவின் மகள் விஜயலெட்சுமி பிறந்து சில நாளான ஆண் பிள்ளையோடு தாய் வீட்டுக்கு வந்தாள். கருப்பு அண்டக் கூடாதென்று ரெங்கம்மா சன்னலில் இரண்டு சாக்குத் திணித்து, வேப்பிலை சொருகி, கரிச்சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். புவனேந்திரன் வாசலில் நின்று அதைப் பார்த்தான். சொன்னால் லயமே காறித் துப்பும், யசோதினி காதிலும் விழும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை?

போய் ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தான். ரெங்கம்மா பாய்ந்து வந்தாள். "எம்பேரன் மேல ஒனக்கென்னடா பொறாம?"

சத்தம் கேட்டு யசோதினியும் வந்துவிட்டாள்.

"பொறாம இல்ல அத்த. எம்புள்ளய கருப்பு அடிக்கல. தணல்தான் கொன்னுச்சுன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு, நாந்தான் மறைச்சேன். இவ தலவலிக்குதுன்னா, நான் இன்னும் கரியப் போட்டு கதவச் சாத்துனேன்." யசோதினியை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "குளிருனா சொக்கா, தொப்பி போட்டுவிடுங்க. மூடுன காம்பராக்குள்ள தணல் வேணாம்."

யசோதினி அவனைத் தாண்டி உள்ளே போனாள். முந்தானையால் பிடித்துக் கரிச்சட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தாள். பிறகு மிச்சமிருந்த சாக்கையும் உருவினாள்.

"காத்து பட்டா புள்ள சாகாது அத்த," என்றாள். "காத்து இல்லாமத்தான் எம்புள்ள செத்துச்சு."

புவனேந்திரன் பக்கம் திரும்பாமலே தன் காம்பராவுக்கு நடந்தாள்.