கரண்டி யார் கையில்

ஏழாம் வார்டிலிருந்து அவளுக்கு வந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது. ‘பன்னிரண்டாம் கட்டில் நோயாளிக்கு மனைவி ஒளித்து டீ கொடுத்திருக்கிறார், ஆலோசனை தேவை.’ அவள் இரண்டு தடவை படித்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பதினான்கு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் மருத்துவ அறநெறி ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்தவள். டாக்டரும் நோயாளியும் குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, எது சரி என்று தோன்றுவதை எழுதிக் கொடுப்பது வேலை. உத்தரவு போட முடியாது. நோயாளிக்குக் கையால் எதுவும் செய்யவும் கூடாது. சான்றிதழ் வாங்க முப்பது விவகாரங்கள் பார்க்க வேண்டும். இது பதினேழாவது, தனியாகப் பார்க்கும் முதலாவது. வார்டுகளில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பஞ்சாயத்தம்மா.

“வாங்க பஞ்சாயத்தம்மா” என்று தலைமை நர்ஸ் முகத்துக்கு நேராகவே சொன்னார். “மூணே கரண்டிதான். மூஞ்சி நீலமாயிடுச்சு. குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு.”

பன்னிரண்டாம் கட்டில்காரர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஐந்து வாரத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று, தொண்டைக்கு விழுங்கத் தெரியாமல் போயிற்று. வாயில் விடுவது வயிற்றுக்குப் போகிறதா நுரையீரலுக்குப் போகிறதா என்று சொல்ல முடியாது. இனி தேறும் என்று டாக்டர் நம்பவில்லை. மூக்குக் குழாய் வழியே கஞ்சி மாதிரி ஒன்று நாளுக்கு ஆறு வேளை இறங்கியது. கட்டிலோரத்தில் ஒரு ஏடும் பென்சிலும் இருந்தன. இடது கையால் எழுதுவார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயால் வரக்கூடியதை விளக்கிவிட்டு, பயிற்சியில் படித்த முறைப்படியே கேட்டாள். நான் சொன்னது புரிந்ததா என்று கேட்கக் கூடாது. நான் சொன்னதை நீங்கள் சொல்லுங்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

“ஐயா, டீ குடிச்சா என்ன ஆகலாம்னு சொன்னேனே, அதை உங்க வார்த்தையில எழுதிக் காட்டுங்க.”

அவர் வெகுநேரம் எழுதினார். எழுத்துக்கள் மேடு பள்ளத்தில் ஓடின. இருமல். காய்ச்சல். சாவு. ஒரு கோடு கிழித்து அதன் கீழே: டீ.

மதியம் மறுபடி போய் அதையே கேட்டாள். ஒரு மனம் மாலைக்குள் மாறக்கூடும் என்று பாடத்தில் இருந்தது. இந்தத் தடவை அவர் கடைசிச் சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு டாக்டரின் அறையில் கூடினார்கள். டாக்டர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இறங்கி வந்தார். தொண்டையில் மெல்ல இறங்கும்படி கெட்டியாக்கிய டீ, நிமிர்ந்து உட்காரவைத்து, அடைத்தால் இழுத்தெடுக்க உறிஞ்சு குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு கரண்டி. தெரிந்தே கேட்கிறார், கொடுக்கலாம்.

“அவரு உரிமை, சரி. கை யாரோடது?” என்றார் தலைமை நர்ஸ். “என் நர்ஸ் பொண்ணுங்களை நான் அனுப்ப மாட்டேன். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் கரண்டி அவ கையில இருந்ததா இல்லையா? ஆயுசு முழுக்க இருக்கும்.”

பாடத்தில் நோயாளியின் விருப்பத்துக்கு நாற்பது பக்கம் இருந்தது. கரண்டியைப் பற்றி இல்லை. எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள்.

“நான் தர மாட்டேன்” என்றாள் அந்த அம்மாள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். “முப்பத்தெட்டு வருஷம் டீ போட்டுக் குடுத்தவதான். அன்னிக்கும் அவரு கண்ணு கெஞ்சிச்சுன்னுதான் குடுத்தேன். ஆனா மூச்சு முட்டினப்ப என்னைப் பாத்தாரு பாருங்க... இல்லம்மா. நீங்க குடுங்களேன். படிச்சவங்க, என்ன ஏதுன்னு தெரியும்.”

“அது என் வேலை இல்லம்மா.”

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவளுக்கே கசந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், நர்ஸாக இருந்தபோது, யாரையும் கேட்காமல் செய்திருப்பாள். இல்லை, வாயில் ஒன்றும் படக்கூடாது என்று இதே தலைமை நர்ஸைப் போல நின்றிருப்பாள். அதுதான் உண்மை.

அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் அவள்தான். மற்றவர்களும் கட்டில்வரை கூடவே வந்தார்கள். சொன்னாள். “குடிக்கலாம்னு முடிவாயிடுச்சுய்யா. ஆனா குடுக்கறதுக்கு யாருக்கும் தைரியம் இல்ல. எனக்கும் அனுமதி இல்ல.” அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

‘எனக்குக் கை இல்லையா?’

யாரும் அதை யோசிக்கவில்லை.

டீயைத் தலைமை நர்ஸே கலந்துகொண்டு வந்தார். கட்டிலை நிமிர்த்தி, மார்பில் துண்டு விரித்து, உறிஞ்சு குழாயின் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார். முதல் கரண்டி பாதி வழியிலேயே துண்டில் கவிழ்ந்தது. இரண்டாவதில் கொஞ்சம் உதட்டுக்குள் போனது. கண்ணை மூடி அதை வாயிலேயே வைத்திருந்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இருமினார். கட்டைவிரல் அழுந்தப் பார்த்தது. இருமல் நின்றது.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்த மனைவி மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். அவர் மூன்றாவது கரண்டியை எடுத்துவிட்டிருந்தார். அது ஆடி ஆடி, நின்று நின்று மேலே வந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு ஊட்டுகிறவர்களுக்கு ஆவதுபோல, அவளுக்குத் தெரியாமலே அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தது.